மிதக்கிற முட்டை எல்லாம் கூழ்முட்டை இல்லை

கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு இளம் தாய் கேட்டது இது. ஊரில் இருந்து அம்மா கடகத்துக்குள் வைக்கோல் பரப்பி 12 ஊர்க்கோழி முட்டை அனுப்பியிருக்கிறார். எத்தனை நாள் முட்டை என்று அம்மாவுக்கே தெரியாது. தண்ணீரில் போட்டுப் பார்த்ததில் ஏழு முட்டை அடியில் படுத்தன, இரண்டு நிமிர்ந்து நின்றன, மூன்று மிதந்தன. மிதந்ததில் ஒன்றை உடைத்தால் ஒரு மணமும் இல்லை. எறிவதா, சமைப்பதா? போன மாதம் குப்பை வாளிக்குள் போட்ட ஒரு முட்டை வெடித்து இரண்டு நாள் குசினிக்குள் நிற்க முடியவில்லையாம், அதனால் எறியவும் பயம். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது.

பிள்ளை, முதலில் உங்களுக்கு உடனே வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உடைத்து வைத்த அந்த முட்டையை நன்றாகப் பொரித்து நீங்களோ கணவரோ சாப்பிடலாம். குழந்தைக்கு வேண்டாம். மற்ற இரண்டு மிதவையையும் வீட்டுக்குள் உடைக்காதீர்கள். எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன். நான் முப்பது வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள், நீர்வேலியில் இன்றைக்கும் ஒன்பது பேடும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். முட்டை விஷயத்தில் படித்ததை விட மூக்கில் பட்டது அதிகம்.

எங்கள் ஆட்கள் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பழைய முட்டை வேறு, பழுதான முட்டை வேறு, நோய் தரக்கூடிய முட்டை வேறு. தண்ணீர் முதலாவதை மட்டும்தான் சொல்லும். இரண்டாவதை மூக்கு சொல்லும். மூன்றாவதைச் சொல்ல வீட்டில் எந்தக் கருவியும் இல்லை.

கோழி இடுகிற நேரத்தில் முட்டை அதன் உடம்புச் சூட்டில், ஏறக்குறைய 41 பாகை செல்சியஸில் இருக்கும். சுடச்சுடக் கையில் எடுத்தால் கோதில் ஓர் ஈரப் பளபளப்புத் தெரியும். சில நிமிடத்தில் அது காய்ந்து மெல்லிய பூச்சாகிவிடும். கோது பார்க்க வழுவழு என்று இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் 7,000 முதல் 17,000 வரை உண்டு, அந்தப் பூச்சுத்தான் அவற்றுக்கு மூடி. முட்டை ஆற ஆற உள்ளே இருப்பது சுருங்கும், அகலமான பக்கத்தில் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் காற்று புகுந்து ஒரு சின்ன அறை உண்டாகும். நாள் போகப் போகத் தண்ணீரும் காபனீரொட்சைட்டும் துளை வழியே வெளியேறி அந்த அறை பெருக்கும். அவித்த முட்டையை உரிக்கும்போது ஒரு பக்கம் தட்டையாகக் குழிந்திருக்கிறதே, அதுதான் அந்த அறை. முட்டை நிற்பதும் மிதப்பதும் அதனால்தான். இலேசாகிவிட்டது என்பதற்கு மேல் தண்ணீருக்கு ஒன்றும் தெரியாது.

நெல்லு விதைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விதை தேர்வதற்கு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போவார்கள், நேற்று இட்ட முட்டை மேலே வந்து முகம் காட்டுகிற அளவுக்கு. பிறகு அந்த உப்புத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை தாழும். ஆகவே முட்டையைச் சோதிக்கிறேன் என்று தண்ணீரில் கைப்பிடி கைப்பிடியாக உப்புப் போடுகிறவர்கள் நல்ல முட்டையையும் மிதக்க வைத்துவிடுவார்கள். வெறும் தண்ணீர் போதும். கிணறு கொஞ்சம் உவர் என்றாலும் பரவாயில்லை, அந்த அளவு உப்பு முட்டையைத் தூக்காது.

அழுகுவது வேறு கதை. வெள்ளைக்கரு சும்மா இருக்கிற சளி இல்லை, காவல்காரன். அதில் இருக்கிற லைசோசைம் பற்றீரியாவின் சுவரைக் கரைக்கும் (பென்சிலின் கண்ட பிளெமிங் அதற்கு முன்னரே, 1922 இல், உலகுக்குச் சொன்ன பொருள் அது). இன்னொரு புரதம் இரும்பைப் பிடித்துப் பூட்டி வைத்துவிடும். இரும்பு கிடைக்காத பற்றீரியா பெருகாது. மஞ்சள் கருவில் இரும்பு தாராளமாக உண்டு, ஆனால் அதைச் சுற்றி ஒரு சவ்வு. முட்டை கிழண்ட பிறகு அந்தச் சவ்வு தளரும், மஞ்சளில் இருந்து இரும்பு வெள்ளைக்குள் கசியும், காவல் குலையும். அதற்குப் பிறகு அழுகல் மடமடவென்று நடக்கும். துருப்பிடித்த வாளித் தண்ணீரில் முட்டை கழுவக் கூடாது என்பதும் இதே இரும்பால்தான்.

புரதத்தில் இருக்கிற கந்தகத்தைப் பற்றீரியா உடைக்கும்போது ஐதரசன் சல்பைட்டு கிளம்பும். மனித மூக்கு இந்த வாயுவைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாக இருந்தாலே பிடித்துவிடும். எங்கள் ஊரில் ‘மணக்குது’ என்றால் மல்லிகையா முட்டையா என்று சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும், ஆனால் கூழ்முட்டை உடைந்தால் அந்தச் சந்தேகமே வராது. தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருக்கிற நாளில் மட்டும் வேறொருவரை மணந்து பார்க்கச் சொல்லுங்கள்.

என் தங்கச்சியின் மகளின் கலியாணத்துக்கு பட்டர் கேக் அடித்த கதையைச் சொல்ல வேண்டும். 24 முட்டைக் கேக். கடையில் தட்டோடு வாங்கிய முட்டை, எல்லாம் ஒரே அளவு, வெள்ளை வெளேர். பட்டரும் சீனியும் நுரைத்துவிட்டது, ஒவ்வொன்றாக நேரே கோப்பைக்குள் உடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பத்தொன்பதாவது ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு உடைந்தது. சாம்பலும் பச்சையுமாக ஒரு தண்ணீர், நடுவில் கறுத்த கட்டி. பதினெட்டு முட்டை, இரண்டு கிலோவுக்குக் கிட்ட பட்டரும் சீனியும், பாதி இரவு, எல்லாம் போனது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ‘ஒவ்வொரு முட்டையையும் முதலில் தனிக் கோப்பையில் உடை’ என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, பின் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவுகிற பஞ்சிக்காக அந்தப் பாடு.

உடைத்த பிறகு கண்ணுக்குத் தெரிகிறவற்றில் சிலவற்றைப் பார்த்துச் சும்மா பயப்படுகிறார்கள், சிலவற்றைப் பயப்படாமல் விடுகிறார்கள். மஞ்சளில் ஒரு சொட்டு இரத்தம் இருந்தால் கோழிக்குள் ஒரு சின்னக் குழாய் வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். கரண்டி நுனியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். வெள்ளைக் கயிறு மாதிரி முறுக்கிக் கிடப்பது மஞ்சளை நடுவில் கட்டி வைத்திருக்கிற கயிறு, புது முட்டையில்தான் தடிப்பாக இருக்கும். வெள்ளைக்கரு கொஞ்சம் கலங்கலாக இருந்தால் அது இன்றோ நேற்றோ இட்ட முட்டை, உள்ளே காபனீரொட்சைட்டு இன்னும் போகவில்லை. மஞ்சள் செம்மஞ்சளாக இருப்பதும் வெளிறி இருப்பதும் கோழி தின்ற தீனியைப் பொறுத்தது. அவித்த முட்டையின் மஞ்சளைச் சுற்றி வருகிற சாம்பற்பச்சை வளையம் அளவுக்கு மிஞ்சி அவித்ததால் வந்தது, சாப்பிடலாம்.

ஊர்க்கோழி முட்டையில் சிலவேளை மீன் வெடில் அடிக்கும். அது அழுகல் இல்லை. மீன் வெட்டுகிற இடத்தில் செதிலும் குடலும் பொறுக்கித் தின்ற கோழியின் முட்டை அது. அழுகின முட்டையின் நாற்றமும் மீன் வெடிலும் ஒன்றல்ல, ஒருதரம் இரண்டையும் மணந்தவர்களுக்கு மாறாது.

பயப்பட வேண்டியது இது: வெள்ளைக்கரு றோசாவாகவோ, பச்சையாக மினுங்கியோ, மண்ணெண்ணெய் படிந்த தண்ணீர் போல நிறம் நிறமாகவோ தெரிந்தால் மணம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே வெளியே. கறுப்புப் புள்ளிகளோ பூஞ்சணமோ கோதின் உட்பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான். மஞ்சள் கோதோடு ஒட்டிக்கொண்டு, உடைக்கும்போதே கிழிந்து வந்தால் அது ஒரே பக்கமாக நெடுநாள் கிடந்த முட்டை. மணம் இல்லாவிட்டாலும் நான் சமைக்க மாட்டேன். உங்கள் மிதந்த முட்டை தட்டில் தண்ணீராய்ப் பரவி, மஞ்சள் தட்டையாகக் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது கிழட்டு முட்டையின் குணம். புது முட்டையில் மஞ்சள் குவிந்து நிற்கும், அதைச் சுற்றி வெள்ளை தடித்து ஒரு மேடு கட்டும். முட்டைத் தொழிலில் அந்த மேட்டின் உயரத்தை அளந்துதான் தரம் பிரிக்கிறார்கள், ஹோ என்ற அமெரிக்கர் 1937 இல் வகுத்த கணக்கு இன்னும் ஓடுகிறது.

உடைக்காமல் உள்ளே பார்க்க வழி இருக்கிறது. என் அம்மம்மா கையைக் குழலாக மடக்கி, அதன் ஒரு முனையில் முட்டையை வைத்து வெயிலுக்கு எதிரே பிடித்து மறுமுனையில் கண்ணை வைப்பா. இரவில் என்றால் அரிக்கன் லாம்பு. இப்போது எல்லாரிடமும் போன் டோர்ச் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, தடித்த மட்டையைச் சுருட்டி டோர்ச்சின் மேல் வைத்து, அதன் வாயில் முட்டையின் அகலப் பக்கத்தை இருத்துங்கள். நல்ல முட்டை உள்ளே செம்மஞ்சள் ஒளியோடு தெளிவாக இருக்கும், அந்த அகலப் பக்கத்தில் காற்றறை ஒரு சின்னத் தொப்பி மாதிரித் தெரியும். மெல்லத் திருப்பினால் மஞ்சளின் நிழல் சோம்பலாக அசையும். முழுக்கக் கறுத்து ஒளியே புகாவிட்டாலோ, காற்றறை நிலை இல்லாமல் குமிழியாக ஓடித் திரிந்தாலோ அதை வெளியே கொண்டுபோங்கள். சிவந்த நரம்பு வலை தெரிந்தால் உள்ளே குஞ்சு தொடங்கியிருக்கிறது. காதில் வைத்துக் குலுக்கிப் பார்க்கிற பழக்கமும் உண்டு. சளசள என்றால் சந்தேகம், சரி. ஆனால் அழுகின முட்டையைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்குவது எனக்கு விருப்பம் இல்லை.

அந்த நரம்பு வலை எங்கள் வெக்கையில் முக்கியமான விஷயம். கடையில் வாங்குகிற பாம் (பண்ணை) முட்டைக்குச் சேவல் கிடையாது, அதனால் கருவும் இல்லை. ஊர்க்கோழி முட்டையில் பெரும்பாலும் கரு இருக்கும். கரு வளர அடைக்கோழி வேண்டும் என்றுதான் நினைப்போம், ஆனால் 27 பாகைக்கு மேலே போனாலே அது மெல்ல அசையத் தொடங்கிவிடும். பங்குனி சித்திரையில் யாழ்ப்பாணத்தில் பகலில் நிழலுக்குள்ளேயே முப்பதைத் தாண்டுகிறது. கரு கொஞ்சம் வளர்ந்து, சூடு போதாமல் செத்து, அதிலிருந்து அழுகும். ஊர்முட்டை நல்லது என்று வாங்கி ஒரு கிழமை குசினி மேசையில் வைக்கிறவர்களுக்குக் கூழ்முட்டை அகப்படுவது இதனால்தான். ‘ஊர்முட்டை கெடாது’ என்பது சும்மா கதை. கருக்கட்டிய முட்டை பாம் முட்டையை விடச் சீக்கிரம் கெடும்.

ஒளித்து இடுகிற கோழிகள் இன்னொரு சோதனை. கிடுகு வேலிக்கு அடியிலோ விறகுக் குவியலுக்குப் பின்னாலோ பதினொரு முட்டையை ஒன்றாகக் கண்டால் எல்லாருக்கும் சந்தோஷம் வரும். அது ஒரு நாளில் இட்ட பதினொன்று இல்லை, இரண்டு கிழமைக் கணக்கு. கோழி ஏற்கனவே அடை கிடந்திருந்தால் சில முட்டை குஞ்சாகிற வழியில், சில கூழாகிற வழியில். 21 நாளில் பொரிக்காதது பொரிக்காது. அப்படி அகப்பட்டதை டோர்ச்சில் பார்த்து, தெளிவாக இருப்பதை மட்டும் தனித்தனியாக உடைத்து அன்றே சமைத்துவிடுங்கள். உங்கள் அம்மாவின் கடகத்திலும் அப்படி ஒரு கூட்டம் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஏழும் இரண்டும் மூன்றுமாகப் பிரிவது ஒரே வயது முட்டைக்கு நடக்காது.

இனி எறிகிற விஷயம். முட்டை வெடிப்பது உள்ளே வாயு முட்டி நிற்பதால். வெயிலில் கிடந்த குப்பை வாளி அதற்கு அடுப்பு மாதிரி. சந்தேகமான முட்டையைக் குலுக்காமல், கோதில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்க்காமல், நேரே பின்வளவுக்குக் கொண்டுபோங்கள். உடைத்துப் பார்க்க விரும்பினால் ஒரு பெரிய சிரட்டையை மண்ணில் அழுத்தி வைத்து, முகத்தைத் திருப்பி, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து அடிக்கிற மாதிரி நின்று, கத்தி முனையால் கோதைத் தட்டுங்கள். நல்லது என்றால் சிரட்டையோடு உள்ளே கொண்டு போகலாம், கூழ் என்றால் சிரட்டையோடு புதைக்கலாம், கழுவ ஒன்றுமில்லை. ஒரு முழம் ஆழம் தோண்டி வாழைக்கடியில் போட்டு, மண்ணை மிதித்து மேலே ஒரு கல்லை வையுங்கள். கல் வைக்காவிட்டால் கீரியும் நாயும் இரவே கிளறி எடுத்துவிடும், அடுத்த நாள் படலையடியில் உங்களுக்குக் காட்சி கொடுக்கும். கிணற்றுக்குக் கிட்டப் புதைக்க வேண்டாம். வளவில்லாத வாடகை வீடு என்றால் இரண்டு பொலித்தீன் பைக்குள் முடிந்து, குப்பை எடுக்க வருகிற நாள் வரை நிழலில் வையுங்கள்.

சந்தேகமான முட்டையை அவித்துப் பார்ப்போம் என்று கொதிதண்ணீரில் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், அடுப்பில் வெடித்தால் தாச்சியும் சுவரும் சேர்ந்து நாறும்.

வீட்டுக்குள் உடைந்துவிட்டால் முதலில் யன்னலைத் திறந்து பிள்ளையை வெளியே அனுப்புங்கள். சாம்பலோ மணலோ பழைய பேப்பரோ போட்டு வழித்து எடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரால் கழுவுங்கள், சுடுதண்ணீர் ஊற்றினால் முட்டை வெந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சவர்க்காரம். கடைசியில் 5 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து துடைத்துவிடுங்கள். பிளீச்சோடு வினாகிரியோ கழிவறை கழுவுகிற அசிட்டோ சேரவே கூடாது, நச்சு வாயு வரும். ஒரு முட்டையின் நாற்றம் யாரையும் கொல்லாது, குமட்டும், தலை இடிக்கும், காற்றோட்டத்தில் போய்விடும்.

இவ்வளவும் நாறுகிற முட்டையைப் பற்றி. நாறுகிற முட்டையை ஒருவரும் சாப்பிடுவதில்லை, ஆகவே அதனால் வருகிற கேடு குறைவு. நான் பயப்படுவது நாறாத முட்டைக்கு.

சல்மனெல்லா என்ற பற்றீரியா முட்டைக்குள் இருந்தால் நிறம் மாறாது, மணம் மாறாது, தண்ணீரில் அடியில்தான் படுக்கும். கோழியின் எச்சத்தில் இருந்து கோதுக்கு வரலாம். அதில் ஒரு வகை கோழியின் சூலகத்திலேயே இருந்து, கோது மூடுகிறதற்கு முன்னர் உள்ளே போய்விடும். இன்று காலை இட்ட முட்டையிலும் இருக்கலாம். எல்லா முட்டையிலும் இருக்கிறது என்று சொல்லவில்லை, எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்கிறேன். சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்தில் இருந்து ஆறு நாளுக்குள் வயிற்றுவலி, காய்ச்சல், வயிற்றோட்டம், சிலருக்குச் சத்தி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாலு தொடக்கம் ஏழு நாளில் தானாக மாறிவிடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்குத்தான் ஆபத்து. குழந்தைக்கு வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) பைக்கற்றை அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு மருந்து நெருப்புத்தான். 71 பாகை தொட்டால் சல்மனெல்லா சாகும். வெள்ளையும் மஞ்சளும் இரண்டும் இறுகிவிட்டால் ஏறக்குறைய அந்தச் சூட்டைத் தொட்டதாக எடுக்கலாம். பிள்ளைக்குக் கொதிதண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்தது, அல்லது இரண்டு பக்கமும் வெந்த முட்டைப் பொரியல். அரை அவியல் வேண்டாம். முட்டை அப்பத்தில் மஞ்சள் ஆடிக்கொண்டு நிற்பது பெரியவர்களின் ருசி, பிள்ளைக்கு அதை மூடி வைத்து வேக வைத்துக் கொடுங்கள்.

முட்டைக்கோப்பி குடிக்கிற வீடு என்றால் ஒரு சின்னக் கணக்கு. அடித்த முட்டை 50 கிராம், 30 பாகையில் இருக்கிறது. அதற்குள் 90 பாகைக் கோப்பி 150 மில்லிலீற்றர் ஊற்றினால் கலவை 75 பாகைக்கு வரும். கேட்க நல்லாய் இருக்கும். ஆனால் பேணி தன் பங்குக்குச் சூட்டைக் குடிக்கும், கோப்பி இறக்கி நாலு கதை கதைத்த பிறகுதான் ஊற்றுவோம், மேலே நிற்கிற நுரைக்குச் சூடு போய்ச் சேருவதே இல்லை. 100 மில்லிலீற்றர்தான் ஊற்றினால் கணக்கிலேயே 70தான் வரும், 71ஐத் தொடாது. எனக்கு விருப்பமான பானம் அது, விடச் சொல்ல மனம் இல்லை. கலந்ததைத் திரும்பச் சட்டியில் ஊற்றி மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டே, கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதத்துக்கு வந்ததும் இறக்குங்கள். சீனி சேர்ந்திருப்பதால் இலேசில் திரளாது, கொதிக்க மட்டும் விடாதீர்கள்.

சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குகிற வழக்கத்தைப் பற்றி இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து, தண்ணீர் வார்க்கிற நாளையே தள்ளிப்போட்டோம். முட்டையால்தான் என்று எவரும் பரிசோதித்துச் சொல்லவில்லை, ஆனால் அந்த மூன்று நாளும் பச்சையாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான். பெரியவர்கள் ‘பச்சையில்தான் சத்து’ என்பார்கள். உண்மை நேர்மாறு. 1998 இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்ததில் சமைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உடம்பில் சேர்ந்தது, பச்சை முட்டையில் பாதிதான். அதே நல்லெண்ணெயில் முட்டையைப் பொரித்துக் கொடுத்தால் சடங்கும் குறையாது. என் பெறாமகளின் மகளுக்குப் போன வருடம் அப்படித்தான் செய்தோம், அப்பம்மா கொஞ்சம் முகத்தைச் சுளித்தா, பிறகு தானே பொரித்தா.

வைக்கிற விதம். வாங்கி வந்ததும் கழுவ வேண்டாம். கழுவினால் அந்தப் பூச்சுப் போய்விடும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி வெளி ஊத்தையைத் துளை வழியே உள்ளே இழுக்கும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, அந்த முட்டையை முதலில் சமையுங்கள். இதனால்தான் தண்ணீர்ச் சோதனையை நான் எல்லா முட்டைக்கும் செய்வதில்லை. செய்தால் அன்றைக்கே சமைக்கப்போகிறதற்கு மட்டும். நீங்கள் பன்னிரண்டையும் நனைத்துவிட்டீர்கள், ஆகவே துடைத்து பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

பிரிட்ஜில் கதவில் இருக்கிற முட்டைக் குழி பார்க்க அழகு, ஆனால் திறக்கத் திறக்க வெக்கை படுகிற இடம் அது. நடுத்தட்டில், அகலப் பக்கம் மேலே இருக்க வையுங்கள். அப்படி வைத்தால் மூன்று நாலு கிழமை நிற்கும். வெளியே என்றால் சீமெந்துத் தரையில் நிழலான மூலையில், காற்றுப்படுகிற பெட்டியில் ஒரு கிழமை. வெளியே ஒரு நாள் இருப்பது பிரிட்ஜில் ஒரு கிழமை இருப்பதற்குச் சமம் என்று கணக்குப் பண்ணுவார்கள். உள்ளே குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்தால் வேர்க்கும், அந்த ஈரம் துளைகளுக்குப் பாலம். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் என் பிரிட்ஜ் முட்டை எல்லாம் வேர்த்து வேர்த்துக் காய்ந்தது, கடைசியில் கோதில் பூஞ்சணம். அப்படிக் கரண்ட் ஒழுங்கில்லாத நாட்களில் முட்டையை நாலு ஐந்தாக வாங்குங்கள். அவித்த முட்டைக்குப் பூச்சே மிஞ்சாது, அதனால் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், பிரிட்ஜில் ஒரு கிழமை.

வெடித்த முட்டையை மலிவு என்று கடையில் வாங்காதீர்கள். உங்கள் கையில் வெடித்தது என்றால் அன்றே பொரித்துவிடுங்கள். பச்சை முட்டை தொட்ட கையால் பிள்ளையின் வாயையோ பாணையோ தொடாமல் சவர்க்காரம் போட்டு இருபது வினாடி கழுவுங்கள். உடைத்த கோதைக் கழுவு தொட்டியில் குவித்து வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

ஆக, அடியில் படுத்த ஏழில் இருந்து பிள்ளைக்கு ஒவ்வொன்றாக, தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்து, முட்டைப் பொரியலாகக் கொடுங்கள். நின்ற இரண்டையும் அவியுங்கள், கிழண்ட முட்டைதான் கோது இலேசில் கழன்று வரும், கறிக்கு அதுதான் தோது. மிதந்ததில் மிச்ச இரண்டும் சிரட்டைக்கு. அம்மாவிடம் சொல்லுங்கள், இனி முட்டை எடுத்த அன்றே கோதில் திகதியைப் பென்சிலால் எழுதச் சொல்லி. பேனா மை துளைக்குள் இறங்கும், பென்சில்தான் நல்லது.